வீடு யாருக்கு, விடுதி யாருக்கு? – வெனிஸ் நகரம் சொல்லும் பாடம்



சென்ற மாதம் நமது கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன் மனுக்களைப் படித்துக்கொண்டிருந்தோம். ஆட்டுக்கு, மாட்டுக்கு, தையல் மிஷினுக்கு என்று வந்த மனுக்களுக்கு நடுவே ஒன்று வேறு மாதிரி இருந்தது. பக்கத்துக் கோயில் ஊரில் வாடகை வீட்டில் குடியிருக்கும் நம் உறுப்பினர் ஒருவர், வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுக்க 20,000 ரூபாய் கடன் கேட்டிருந்தார்.

"இருக்கிற வீட்டுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டோம்.

"பதினோரு வருசமா இருக்கிற வீடுங்க. ஒரு மாசம்கூட வாடகை நிறுத்தினதில்ல. இப்ப காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கோயிலுக்கு வர்ற வெளியூர்க்காரங்களுக்கு நாள் வாடகைக்கு விடப் போறாங்களாம். எங்க தெருவுல மட்டும் இது நாலாவது வீடு" என்றார்.

உடனே அதே ஊரில் பூ விற்கும் இன்னொரு உறுப்பினர் எழுந்தார். "அக்கா சொல்றது கஷ்டந்தான். ஆனா அந்த வெளியூர்க்காரங்க வரலைன்னா என் கூடையில இருக்கிற பூ ஒரு முழம் போகாது. அவங்களாலதான் என் பிள்ளைங்க படிக்குது" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். கடன் மனு அன்றே தீர்மானமாகிவிட்டது. ஆனால் கேள்வி தீரவில்லை. வெளியூர்க் கூட்டம் வந்தால் ஊருக்கு லாபமா, நட்டமா? லாபம் என்றால் யாருக்கு? இதே கேள்வியோடு பல வருடமாகப் போராடிவரும் ஒரு ஊரைப் பற்றி இந்த மாதப் பாடத்தில் தெரிந்துகொள்வோம். அது நமக்கு வெகு தூரத்தில் உள்ள ஊர்தான். ஆனால் அங்கே நடந்ததைக் கேட்டால் பக்கத்துத் தெருவில் நடந்தது போலவே இருக்கும்.

தண்ணீரில் நிற்கும் ஊர்

இத்தாலி நாட்டில் உள்ளது வெனிஸ் நகரம். நூற்றுக்கும் மேற்பட்ட சின்னத் தீவுகள் சேர்ந்த ஊர் இது. தெருவுக்குப் பதில் கால்வாய், பஸ்ஸுக்குப் பதில் படகு. நாலு நூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் உண்டு. ஊருக்குள் காரோ ஸ்கூட்டரோ கிடையாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தனி அரசாக இருந்து, கடல் வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்த ஊர். 1797ல் நெப்போலியன் படை வந்தபோது அந்த அரசு முடிந்தது. அந்தக் காலத்து மாளிகைகளும் தேவாலயங்களும் இன்றும் நிற்கின்றன. 1987ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இவ்வளவு அழகான ஊரைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? ஆண்டுக்கு 2 கோடிப் பேருக்கு மேல் வருகிறார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து, சுற்றிப் பார்த்து, படம் எடுத்து, மாலையில் திரும்புகிறவர்கள்.

சரி, ஊர்க்காரர்கள் எத்தனை பேர்?

குறைந்துகொண்டே வந்த கணக்கு

1951ல் வெனிஸ் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2009ல் அது 60,000க்குக் கீழே போனது. 2022ல் 50,000க்கும் கீழே போய்விட்டது. எழுபது ஆண்டில் பத்து பேரில் ஏழு பேர் இல்லை.

ஊரின் நடுவே உள்ள ஒரு மருந்துக்கடையின் கண்ணாடி ஜன்னலில் 2008 முதல் ஒரு எண் பலகை இருக்கிறது. அன்றைக்கு ஊரில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று அது காட்டும். நாம் வங்கி இருப்பைப் பார்ப்பது போல அந்த ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். 2023ல் ஒரு புத்தகக் கடைக்காரர்கள் இன்னொரு எண் பலகை வைத்தார்கள். அது சுற்றுலாப் பயணிகளுக்கு எத்தனை படுக்கை இருக்கிறது என்று காட்டும். அதே ஆண்டில் படுக்கைகளின் எண்ணிக்கை 49,000ஐத் தாண்டி, குடியிருப்போர் எண்ணிக்கையை முந்திவிட்டது. ஊர்க்காரர்களைவிட விருந்தாளிக் கட்டில் அதிகம் என்று அர்த்தம்.

2009 நவம்பரில் ஊர் மக்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒரு சவப்பெட்டியைப் படகில் வைத்து, பெரிய கால்வாய் வழியாக நகராட்சி அலுவலகம் வரை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். பெட்டிக்குள் யாரும் இல்லை. "செத்துக்கொண்டிருப்பது எங்கள் ஊர்" என்று சொல்லத்தான் அந்த ஊர்வலம்.

எல்லாப் பழியையும் சுற்றுலா மேலேயே போடக் கூடாது. 1966 நவம்பர் 4 அன்று பெரிய வெள்ளம் வந்தது. கடல் மட்டம் 194 சென்டிமீட்டர் ஏறி, கீழ்த்தள வீடுகள் எல்லாம் மூழ்கின. பலர் அப்போதே கிளம்பினார்கள். எதிரே தரைப்பகுதியில் மெஸ்த்ரே என்ற இடத்தில் புது வீடுகளும் பக்கத்தில் தொழிற்சாலை வேலையும் இருந்தன. பழைய வீட்டைப் பழுது பார்க்கச் செலவும் அதிகம். இப்படிப் பல காரணம். ஆனால் போனவர்களின் வீட்டுக்கு வேறு குடும்பம் வந்திருந்தால் ஊர் பிழைத்திருக்கும். அந்த இடத்தில்தான் சுற்றுலா வந்து உட்கார்ந்தது.

வெள்ளத்தைத் தடுக்கக் கடலுக்குள் பெரிய இரும்புக் கதவுகள் போட்டார்கள். 2020 அக்டோபரில் முதல் தடவை அவை எழும்பி வெள்ளத்தை நிறுத்தின. தண்ணீர் நின்றது. மக்கள் போவது நிற்கவில்லை.

வீடு எப்படி விடுதி ஆகிறது?

கணக்கு நோட்டில் எழுதிப் பார்ப்போம். இது நாம் புரிந்துகொள்ளப் போடும் கணக்கு.

ஒரு வீட்டுக்கு மாத வாடகை 5,000 ரூபாய். அதே வீட்டை வெளியூர்க்காரருக்கு விட்டால் நாளைக்கு 1,000 ரூபாய். மாதத்தில் 10 நாள் ஆள் வந்தால் போதும், 10,000 ரூபாய். மீதி 20 நாள் பூட்டிக் கிடந்தாலும் வீட்டுக்காரருக்கு இரண்டு மடங்கு லாபம். அவரை நாம் கெட்டவர் என்று சொல்ல முடியுமா? நம் கையில் அந்த வீடு இருந்தால் நமக்கும் அதே ஆசைதான் வரும்.

இணையம் மூலம் நாள் வாடகைக்கு வீடு பிடிக்கும் வழி 2008க்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. வெனிஸில் அது காட்டுத்தீ போல ஆனது. அப்பா அம்மா இறந்தபின் அந்த வீடு பிள்ளைக்கு வரும். பிள்ளை அதில் குடியிருக்காமல் பயணிகளுக்கு விட்டுவிட்டு, தான் தரைப்பகுதியில் குறைந்த வாடகையில் இருப்பார். வெளிநாட்டுப் பணக்காரர்கள் வீடு வாங்கி, வருடத்தில் சில வாரம் மட்டும் வந்து தங்குவார்கள். விலை ஏறும். வேலைக்குப் போகும் சாதாரணக் குடும்பம் வீடு கேட்டால் கிடைக்காது. பணம் உள்ளவர் உள்ளே வர, இருந்தவர் வெளியே போக வேண்டியதாகிறது.

இதில் ஒரு வேதனையைக் கவனியுங்கள். ஹோட்டலில் அறை பெருக்குகிறவர், பாத்திரம் கழுவுகிறவர், சமைக்கிறவர் பலர் அந்த ஊரில் குடியிருக்க முடியாது. காலையில் தரைப்பகுதியிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறார்கள். வேலை அந்த ஊரில், வீடு வேறு ஊரில்.

வீட்டுக்குப் பின்னால் கடை போகும், ஓட்டும் போகும்

குடும்பங்கள் குறைந்தால் ரொட்டிக் கடையில் யார் வாங்குவார்? காய்கறிக் கடை, ஆணி விற்கும் கடை, செருப்புத் தைக்கும் கடை ஒவ்வொன்றாக மூடும். அந்த இடத்தில் முகமூடி, சாவிக்கொத்து, பொம்மை விற்கும் கடை வரும். ஒரு கிலோ வெங்காயம் வாங்க நாலு பாலம் ஏறி இறங்க வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கும் அதே கதிதான். மீதி இருக்கும் குடும்பங்களும் "இங்கே இருந்து என்ன பண்றது?" என்று கிளம்பும்.

ஒரு உதாரணம். ரியால்டோ பாலத்தின் பக்கத்தில் 500 ஆண்டுப் பழமையான பெரிய கட்டடம் ஒன்று உண்டு. ஜெர்மானிய வியாபாரிகள் தங்கிச் சரக்கு வைக்கக் கட்டியது. பின்னாளில் பல காலம் அது ஊரின் தலைமைத் தபால் நிலையமாக இருந்தது. பென்ஷன் வாங்கவும் மணியார்டர் அனுப்பவும் ஊர்க்காரர்கள் படியேறிய இடம். 2008ல் அது தனியாருக்கு விற்கப்பட்டது. 2016ல் விலை உயர்ந்த கைப்பையும் வாசனைத் திரவியமும் விற்கும் ஆடம்பரக் கடையாகத் திறந்தார்கள். 2025ல் வியாபாரம் சரியில்லை என்று அந்தக் கடையையும் மூடிவிட்டார்கள். தபால் நிலையமும் போனது, கடையும் போனது.

இன்னொன்றும் போகிறது. அதுதான் ஓட்டு. வெனிஸ் நகராட்சியில் மொத்தம் சுமார் இரண்டரை லட்சம் பேர். பெரும்பாலோர் தரைப்பகுதியில் இருப்பவர்கள். பழைய நகரத்துக்காரர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தங்கள் தெருவைப் பற்றிய முடிவில்கூட அவர்கள் குரல் சின்னதாகிவிட்டது. ஆள் குறைந்தால் ஓட்டு குறையும். ஓட்டு குறைந்தால் கேட்க ஆள் இருக்காது. நம் கிராம சபைக்கும் இது பொருந்தும்தானே?

மணி கோர்த்த கைகள், லேஸ் பின்னிய கைகள்

வெனிஸ் பெண்களின் கைத்தொழில் பற்றி நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மில் பீடி சுற்றுகிறவர்களும் பூக்கட்டுகிறவர்களும் இதைப் படித்தால் "நம்ம கதைதான்" என்பார்கள்.

அங்கே கண்ணாடி மணி செய்வது பழைய தொழில். அந்தச் சின்ன மணிகளை நூலில் கோர்ப்பது ஏழைப் பெண்களின் வேலை. வீட்டு வாசலில், சந்தில் வரிசையாக உட்கார்ந்து, மடியில் மரத் தட்டு வைத்து, விசிறி மாதிரிப் பல நீள ஊசிகளை ஒரே கையில் பிடித்து மணிக்குள் விடுவார்கள். அந்த மணிகள் ஆப்பிரிக்கா, இந்தியா, அமெரிக்கா வரை போயின. மணி கொடுத்து, கோர்த்ததை வாங்கி, கூலி தருவது நடுவில் இருந்த ஒரு பெண். கூலியில் ஒரு பங்கு அவருக்குப் போகும். கூலி போதவில்லை என்று 1904ல் அந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1990களின் தொடக்கத்தில் பெரிய மணித் தொழிற்சாலை மூடப்பட்டது. 2020ல் யுனெஸ்கோ கண்ணாடி மணிக் கலையை மனித குலத்தின் பாரம்பரியமாக அறிவித்தது. ஆனால் சந்தில் வரிசையாக உட்கார்ந்து மணி கோர்க்கும் பெண்கள் இன்று இல்லை.

வெனிஸ் பக்கத்தில் புரானோ என்ற மீனவத் தீவு இருக்கிறது. 1872 வாக்கில் கடும் குளிரில் தண்ணீர் உறைந்து மீன்பிடி நின்றது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்போது ஊசியால் லேஸ் பின்னும் பழைய கலை, சென்சியா என்று அழைக்கப்பட்ட ஒரு வயதான பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் கற்று, பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பள்ளி தொடங்கினார்கள். அந்த வருமானத்தில் தீவு பிழைத்தது. 1970ல் பள்ளி மூடப்பட்டது. அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். கைவேலை தெரிந்தவர்கள் இப்போது சிலர்தான். கடைத்தெருவில் தொங்கும் லேஸில் பெரும்பகுதி வெளிநாட்டில் மிஷினில் செய்து வந்தது. பயணிக்கு வித்தியாசம் தெரியாது. விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு போகிறார்.

கூட்டம் வந்ததே அந்தக் கைவேலையின் பெயரைக் கேட்டுத்தான். ஆனால் காசு அந்தக் கைகளுக்குப் போகவில்லை.

கூட்டம் வராத வருடம்

2020ல் கொரோனா வந்தது. வெனிஸ் வெறிச்சோடியது. படகுகள் நின்றதால் கால்வாய்த் தண்ணீர் தெளிந்தது. ஊர்க்காரர்கள் முதலில் மூச்சு விட்டார்கள். "நம் ஊர் நமக்குத் திரும்பக் கிடைத்தது" என்றார்கள். சில வாரத்தில் கை வெறுமையானது. கடைக்காரர், படகோட்டி, ஹோட்டல் வேலைக்காரர் யாருக்கும் வருமானம் இல்லை. மற்ற தொழில்களை எல்லாம் விட்டுவிட்டு ஒரே தொழிலை நம்பியதன் விலை அது. ஊரடங்கு நாளில் நம் பூக்கடைச் சகோதரிக்கு நடந்ததும் இதுதான்.

மக்கள் கேட்டார்கள், சில நடந்தன

வெனிஸ் மக்கள் சும்மா இருக்கவில்லை. மாளிகைகளைவிட உயரமான உல்லாசக் கப்பல்கள் ஊரை ஒட்டிப் போவதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2017ல் அவர்களே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். 18,000 பேருக்கு மேல் வந்து, கிட்டத்தட்ட எல்லோருமே "பெரிய கப்பல் வேண்டாம்" என்றார்கள். 2019 ஜூனில் ஒரு கப்பல் கட்டுப்பாடு இழந்து கரையிலும் ஒரு சுற்றுலாப் படகிலும் மோதியது. சிலருக்குக் காயம். கடைசியில் 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்தக் கால்வாயில் வர அரசு தடை போட்டது.

2024 ஏப்ரல் 25 முதல், காலையில் வந்து மாலையில் போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் வந்தது. 5 யூரோ, அன்றைய மதிப்பில் சுமார் 450 ரூபாய். அந்த ஆண்டு கூட்டம் மிகுந்த 29 நாட்களுக்கு மட்டும். 2025ல் 54 நாட்கள் ஆக்கி, கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ என்றார்கள். 2024 ஆகஸ்ட் முதல் வழிகாட்டியோடு வரும் குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்றும் விதி வந்தது.

கட்டணம் தொடங்கிய அன்றே ஊர் மக்களில் ஒரு பகுதியினர் ஊர்வலம் போனார்கள். "டிக்கெட் வாங்கிப் பார்க்க இது பொருட்காட்சி இல்லை. எங்களுக்கு வேண்டியது வீடு" என்பது அவர்கள் வாதம். கட்டணத்தால் கூட்டம் குறையவில்லை என்றும் சொன்னார்கள். நாள் வாடகை வீடுகளுக்கு வரம்பு போட வெனிஸ் நகராட்சிக்கு 2022லேயே தனிச் சட்டம் அதிகாரம் கொடுத்திருந்தது. வாசலில் டிக்கெட் கிழிப்பது சுலபம். வீட்டுக்காரர்களின் லாபத்துக்கு வரம்பு போடுவது கஷ்டம்.

ஆளுக்கு 99 யூரோ

நமக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். 2014ல் வெனிஸ் பக்கத்தில் போவேலியா என்ற ஆளில்லாத தீவை அரசு 99 ஆண்டுக் குத்தகைக்கு ஏலம் விட்டது. இதுவும் பணக்காரர் விடுதி ஆகிவிடும் என்று ஊர் மக்கள் பயந்தார்கள். "போவேலியா எல்லோருக்கும்" என்ற பெயரில் ஒரு சங்கம் சேர்த்தார்கள். ஆளுக்கு 99 யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் 8,000 ரூபாய். நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்தார்கள்.

ஏலத்தில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதிகம் கேட்டவரின் தொகையும் குறைவு என்று சொல்லி அரசு ஏலத்தையே கைவிட்டது. சங்கத்தார் கலையவில்லை. கூட்டம் போட்டார்கள், மனு கொடுத்தார்கள், வழக்காடினார்கள். 2025 ஆகஸ்டில் தீவின் வடபகுதி ஆறு ஆண்டுக்கு அவர்கள் கைக்கு வந்தது. ஊர் மக்கள் வந்து உட்கார மரங்கள் உள்ள பொது இடமாக அதை வைக்கப் போகிறார்கள்.

பதினோரு வருடம் ஆனது. ஒரு தீவின் ஒரு பகுதிதான் கிடைத்தது. ஆனாலும் சந்தா சேர்த்து, கலையாமல் இருந்ததால் கிடைத்தது. சந்தாவின் பலம் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

வெளியூர்க்காரர் வருவது பாவமில்லை. அவர் கொண்டுவரும் காசு நம் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. ஆனால் அவர் வந்து பார்ப்பதற்கு ஊர் என்று ஒன்று இருக்க வேண்டும். ஊர் என்பது கோபுரமும் குளமும் மட்டும் இல்லை. காலையில் கோலம் போடுகிறவரும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் சேர்ந்ததுதான் ஊர்.

ஆகவே, வாடகைக்கு இருக்கும் சகோதரிகள் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, நகரப் பகுதிகளில் எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும். "வாய்ப்பேச்சு போதும்" என்று இருக்காதீர்கள்.

சொந்த வீடோ மனையோ உள்ளவர்கள், விலை ஏறுகிறது என்று அவசரப்பட்டு விற்பதற்கு முன் குழுவில் ஒரு வார்த்தை பேசுங்கள். திரும்ப வாங்க முடியாது.

தொழில் செய்கிறவர்கள் கூட்டத்தை மட்டும் நம்பாமல் உள்ளூர் வாடிக்கையையும் விடாதீர்கள். நம் கைவேலை என்றால் நம் குழுப் பெயரைப் போட்டு விற்போம்.

கடன் கேட்ட நம் உறுப்பினருக்கு வீடு கிடைத்துவிட்டது. கோயில் ஊருக்கு நாலு கிலோமீட்டர் வெளியே. மகள் இப்போது பஸ்ஸில் பள்ளிக்குப் போகிறாள். இவர் வேலைக்கு அதே ஊருக்குத்தான் திரும்ப வருகிறார், தான் முன்பு குடியிருந்த தெரு வழியாக. "என் வீட்டு வாசல்ல யாரோ செருப்பு கிடக்குது. பார்த்துட்டுப் பேசாம போயிடுறேன்" என்றார் இந்த மாதக் கூட்டத்தில். பூக்கடைச் சகோதரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் இன்னும் வாடகைக்கு இருக்கும் வீடுகளைக் கணக்கெடுக்க இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டுவிட்டது.

குழுவில் பேசிப் பார்ப்போம்

1. நம் ஊருக்கு அல்லது பக்கத்து ஊருக்கு வெளியூர்க்காரர் எதற்காக வருகிறார்கள்? அவர்கள் செலவழிக்கும் 100 ரூபாயில் ஊரில் நிற்பது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு?

2. கடந்த ஐந்து வருடத்தில் நம் தெருவில் எத்தனை குடும்பம் வெளியேறியது? ஏன்?

3. நம் குழுவில் வாடகை வீட்டில் இருப்பவர் எத்தனை பேர்? எத்தனை பேரிடம் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது?

4. அறை வாடகைக்கு விடக் கடன் கேட்டு ஒரு உறுப்பினர் வந்தால் கொடுக்கலாமா? அந்த அறையில் இப்போது யார் குடியிருக்கிறார் என்று கேட்க வேண்டுமா?

உங்கள் குழு பேசி முடித்ததை ஊக்குநர் ஒரு பக்கத்தில் எழுதி அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவரட்டும். சேர்ந்து படிப்போம்.